சிறு முழு எண் கெழுக்கள் கொண்ட கோவைகளின் மூலங்களைக் கண்டறியும் முறை

ஒரு பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள் −1, 0, 1 ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டால், அதன் மூலங்கள் கலப்பெண் தளத்தில் எங்கெங்கே விழும் என்பது எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வியாகிவிடுகிறது. இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் பெரும்பாலோர் எல்லாக் கோவைகளையும் வரிசையாக உருவாக்கி, ஒவ்வொன்றின் மூலங்களையும் கணினியில் கணக்கிட்டு, புள்ளிகளாகக் குறித்துப் பார்க்கின்றனர். அழகான படம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாறிலி உறுப்பை 1 என வைத்துக்கொண்டு 20ஆம் படி வரை சென்றாலே கோவைகளின் எண்ணிக்கை 3²⁰, அதாவது 348 கோடிக்கும் மேல். அத்தனை உழைப்புக்குப் பின்னும், குறிப்பிட்ட ஓர் எண் இத்தகைய கோவைக்கு மூலமாகுமா என்ற கேள்விக்கு அந்தப் படத்திலிருந்து உறுதியான விடை கிடைக்காது. எனவே எதிர்த்திசையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கெழுக்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்த முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

ஆராயப்படும் கலப்பெண்ணை ழ என்றும், அதன் மட்டை (பூச்சியத்திலிருந்து அதற்குள்ள தொலைவை) |ழ| என்றும் குறிப்போம். கலப்பெண்களை மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்ற வரிசையில் (0.4, 0.5) என்பது போல எழுதுவோம். மாறிலி உறுப்பு எப்போதும் 1 என்று கொள்ளலாம். அது 0 ஆக இருந்தால் மாறியின் ஓர் அடுக்கைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்துவிடலாம். −1 ஆக இருந்தால் முழுக் கோவையையும் −1ஆல் பெருக்கிக்கொள்ளலாம். கோவையின் கெழுக்களை முன்பின்னாகத் திருப்பி எழுதினால் மூலங்கள் தலைகீழிகளாக மாறுவதால், ஓரலகு வட்டத்துக்கு உள்ளே இருக்கும் மூலங்களை மட்டும் ஆராய்ந்தால் போதும். மேலும், மாறியின் குறியை மாற்றினாலும் கெழுக்கள் அதே மூன்று எண்களுக்குள்ளேயே நிற்கின்றன. கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் இணை எண்ணும் மூலமாகும். ஆகவே வட்டத்தின் கால் பகுதியை ஆராய்ந்தாலே முழுத் தளத்தையும் ஆராய்ந்ததாகும்.

வட்டத்துக்கு உள்ளே, கோவைகளோடு முடிவில்லாத அடுக்குத் தொடர்களையும் சேர்த்துக்கொள்வது அவசியம். |ழ| 1க்குக் குறைவாக இருக்கும்வரை இத்தொடர்கள் எல்லாம் ஒருங்கும். ஒரு தொடரின் மூலத்தை அத்தொடரின் பகுதிக் கூடுதல்களான கோவைகளின் மூலங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குகின்றன. மறுதலையாக, கோவைகளின் மூலங்கள் வட்டத்துக்குள் எந்தப் புள்ளியை நெருங்கிக் குவிந்தாலும் அந்தப் புள்ளி ஏதோ ஒரு தொடரின் மூலமாக இருக்கும். எனவே தொடர்களின் மூலங்களை அறிவது, கோவைகளின் மூலங்கள் எங்கே அடர்ந்து கிடக்கின்றன என்பதை அறிவதற்குச் சமம்.

முதல் சல்லடை முக்கோணச் சமனிலியிலிருந்தே கிடைக்கிறது. ழ ஒரு மூலமாக வேண்டுமானால், மாறிலி உறுப்பான 1ஐ மற்ற எல்லா உறுப்புகளும் சேர்ந்து நீக்கியாக வேண்டும். அந்த உறுப்புகளின் கூடுதலின் மட்டு |ழ| + |ழ|² + |ழ|³ + … என்ற பெருக்குத் தொடரைத் தாண்ட முடியாது. அதன் மதிப்பு |ழ| ÷ (1 − |ழ|). இது 1க்குக் குறையாமல் இருக்க |ழ| குறைந்தது 1/2 ஆக வேண்டும். ஆகவே மையத்தைச் சுற்றி 1/2 ஆரமுள்ள வட்டத்துக்குள் மூலம் எதுவும் கிடையாது. இந்த |ழ| ÷ (1 − |ழ|) என்ற அளவை இனி வரம்பு என்று அழைப்போம். முறை முழுவதும் இதைச் சார்ந்தே நடக்கிறது.

இனி முறையின் மையத்துக்கு வருவோம். தொடக்க மீதி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியிலும் கையில் உள்ள மீதியை ழ-ஆல் வகுத்து, அதனுடன் −1, 0, 1 ஆகியவற்றில் ஒன்றைக் கூட்டுங்கள். கிடைப்பது புதிய மீதி. கூட்டிய எண்ணே அடுத்த கெழு. இவ்வாறு ந அடிகள் சென்றபின் கையில் இருக்கும் மீதி, அதுவரை அமைந்த கோவையின் மதிப்பை ழ-இன் ந-ஆம் அடுக்கால் வகுத்ததற்குச் சமம் என்பதை எழுதிப் பார்த்தாலே காணலாம். இனி வரவிருக்கும் உறுப்புகள் அந்த மீதியை முழுவதுமாக நீக்க வேண்டும். அவற்றால் நீக்கக்கூடிய மிகப் பெரிய அளவு மேலே சொன்ன அதே வரம்புதான். ஆகவே மீதியின் மட்டு வரம்பைத் தாண்டிய கணமே அந்தக் கிளையை, அதாவது அதுவரை தேர்ந்த கெழு வரிசையை, வெட்டிவிடலாம். அதிலிருந்து எந்தக் கெழுக்களைத் தேர்ந்தாலும் மூலம் அமையாது. மறுபுறம், ஒரு கிளையில் மீதி என்றென்றும் வரம்புக்குள் நின்றால், கோவையின் மதிப்பு அந்த மீதியையும் ழ-இன் அடுக்கையும் பெருக்கியதாக இருப்பதால் அது பூச்சியத்தை நோக்கிச் சுருங்கியே தீரும். அதாவது ழ அத்தொடரின் மூலம். எல்லாக் கிளைகளும் ஏதோ ஓர் அடியில் வெட்டப்பட்டுவிட்டால் ழ மூலமன்று என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிடுகிறது. மீதி சரியாகப் பூச்சியமாகிவிட்டால் ழ ஒரு முடிவுள்ள கோவையின் மூலம். எடுத்துக்காட்டாக, பொன் விகிதத்தின் தலைகீழியான 0.618…ஐ எடுத்தால், 1ஐ அதனால் வகுத்து 1 கழிக்க 0.618… வரும், அதை மீண்டும் வகுத்து 1 கழிக்கப் பூச்சியம் வரும். மாறிலி 1, அடுத்த இரு கெழுக்களும் −1 என்ற இருபடிக் கோவை கிடைத்துவிட்டது.

மெய்யெண்களுக்கு இந்த முறையில் தேடலே தேவையில்லை. ழ என்பது 1/2 முதல் 1 வரையிலான மெய்யெண்ணாக இருந்தால், வரம்புக்குள் உள்ள எந்த மீதியை வகுத்தாலும் கிடைப்பது வரம்பைவிட 1க்கு மேல் அதிகமாகாது. எனவே தேவைப்படும்போது 1ஐக் கழித்தோ கூட்டியோ மீண்டும் வரம்புக்குள் கொண்டுவந்துவிடலாம். வரம்பு இங்கே 1க்குக் குறையாததால் எதிர்ப்பக்கமும் தாண்டாது. ஆகவே அந்த இடைவெளியில் உள்ள ஒவ்வொரு மெய்யெண்ணும் ஏதோ ஒரு தொடரின் மூலமே. கற்பனை அச்சில் நிலைமை வேறு. அங்கே ழ-இன் இரட்டை அடுக்குகள் மட்டுமே மெய்யெண்களாக இருப்பதால், மாறிலி உறுப்பான 1ஐ நீக்கும் பொறுப்பு அவற்றின்மேல் மட்டுமே விழுகிறது. |ழ|² குறைந்தது 1/2 ஆக வேண்டும், அதாவது |ழ| குறைந்தது 0.7071… ஆக வேண்டும். மெய் அச்சில் 0.5 என்றிருந்த எல்லை கற்பனை அச்சில் 0.7071க்கு உயர்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திசைகளில் எல்லைக்கோடு மிகவும் சிக்கலாக வளைந்து செல்கிறது. நம் முறைக்கு உண்மையான வேலை இருப்பது அங்கேதான்.

இரண்டு புள்ளிகளைக் கையால் சோதித்துப் பார்ப்போம். முதலில் (0, 0.6). வரம்பு 0.6 ÷ 0.4 = 1.5. மீதி 1ஐ ழ-ஆல் வகுத்தால் (0, −1.667). இத்துடன் 0 கூட்டினால் மட்டு 1.667, ±1 கூட்டினால் 1.944. மூன்றும் 1.5ஐத் தாண்டிவிட்டன. முதல் அடியிலேயே புள்ளி நீங்கிவிட்டது.

அடுத்து (0.4, 0.5). மட்டு 0.6403, வரம்பு 1.780. ழ-இன் தலைகீழி (0.9756, −1.2195). ஒவ்வோர் அடியிலும் வகுப்பதற்குப் பதிலாக இதனால் பெருக்கினால் போதும். முதல் அடியில் கெழு 1 எனில் மட்டு 2.32 ஆகி வெட்டுப்படும்; 0 எனில் 1.562, −1 எனில் 1.220, இரண்டும் நிற்கும். இரண்டாம் அடியில், 0-கிளையின் மீதியைப் பெருக்கினால் கற்பனைப்பகுதி மட்டுமே −2.38 ஆகிவிடுகிறது. கெழுக்களால் கற்பனைப்பகுதியை மாற்றவே முடியாது என்பதால் அந்தக் கிளை முழுவதும் ஒரேயடியாக ஒழிகிறது. இது கவனிக்கத்தக்க குறுக்குவழி. பெருக்கியவுடன் முதலில் கற்பனைப்பகுதியைப் பாருங்கள். அது வரம்பைத் தாண்டினால் மூன்று கெழுக்களையும் சோதிக்கும் வேலை மிச்சம். −1-கிளையில் பெருக்கியது (−1.511, −1.160), இங்கே 1 கூட்டினால் மட்டுமே நிற்கிறது, மீதி (−0.511, −1.160). மூன்றாம் அடியிலும் 1 மட்டுமே பொருந்தி (−0.913, −0.509) கிடைக்கிறது. நான்காம் அடியிலிருந்து கிளைகள் பெருகத் தொடங்குகின்றன. அங்கிருந்து 1, 0, −1, −1, −1, 1, 1 என்று தேர்ந்தெடுத்துச் சென்றால், பத்தாம் அடியில் மீதி (−0.316, −0.039) என்ற மிகச் சிறிய எண்ணாகிறது. மாறிலியிலிருந்து தொடங்கி இந்தக் கோவையின் கெழுக்கள் 1, −1, 1, 1, 1, 0, −1, −1, −1, 1, 1. இதன் மதிப்பை ழ-இல் நேரடியாகக் கணக்கிட்டால் மட்டு 0.0037 என்று வருகிறது.

மதிப்பு சிறிதாக இருப்பதால் மட்டும் அருகில் மூலம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஓர் எளிய தேற்றம் துணைக்கு வருகிறது. ஒரு கோவையின் வகைக்கெழுவைக் கோவையால் வகுத்தால், அது ழ-இலிருந்து ஒவ்வொரு மூலத்துக்கும் உள்ள வேறுபாட்டின் தலைகீழிகளைக் கூட்டியதற்குச் சமம். ஆகவே கோவையின் மதிப்பை வகைக்கெழுவின் மதிப்பால் வகுத்து, படியால் பெருக்கினால் கிடைக்கும் தொலைவுக்குள் ஒரு மூலம் கட்டாயம் இருக்கும். நம் கோவைக்கு இப்புள்ளியில் வகைக்கெழுவின் மட்டு ஏறத்தாழ 4.43. 0.0037ஐ 4.43ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 0.0083. அவ்வளவு நெருக்கத்தில் உண்மையான மூலம் ஒன்று உறுதியாக இருக்கிறது. நியூட்டன் முறையின் ஒரே அடி அதை 0.0008 அளவுத் தொலைவில் காட்டுகிறது. கிளை உயிரோடு இருக்கிறது என்ற தகவலை விட்டுவிட்டு, இவ்வாறு ஒரு குறிப்பிட்ட கோவையையும் ஒரு குறிப்பிட்ட தொலைவையும் கையில் எடுத்துக்கொண்டு வருவதையே நான் சோதனையின் முடிவாகக் கருதுவேன்.

|ழ| 0.7071ஐத் தாண்டிவிட்டால் இந்தச் சோதனையை நடத்தவே தேவையில்லை. அங்கே ஒவ்வொரு புள்ளியும் மூலமே. இதற்கான காரணம் புறாக்கூண்டுக் கொள்கை. கெழுக்கள் 0 அல்லது 1 ஆகவும், உறுப்புகள் ந ஆகவும் உள்ள கோவைகள் மொத்தம் 2-இன் ந-ஆம் அடுக்கு அளவு இருக்கின்றன. அவற்றின் மதிப்புகள் எல்லாம் ஒரு நிலையான வட்டத்துக்குள் அடங்குகின்றன. அவ்வட்டத்தை அந்த எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைவான சிறு சதுரங்களாகப் பிரித்தால், இரண்டு கோவைகளின் மதிப்புகள் ஒரே சதுரத்தில் விழுந்தே ஆக வேண்டும். அவ்விரண்டின் வேறுபாட்டுக்குக் கெழுக்கள் −1, 0, 1. அதன் மதிப்பு 1/√2-இன் ந-ஆம் அடுக்கு என்ற அளவில் சிறியது. முன்னால் உள்ள பொது அடுக்கை நீக்கி மாறிலியை ±1 ஆக்கும்போது அதிகபட்சம் |ழ|-இன் ந-ஆம் அடுக்கால் வகுக்க நேர்கிறது. |ழ| 1/√2ஐவிடப் பெரிதென்றால் வகுத்த பின்னும் மதிப்பு பூச்சியத்தை நோக்கியே செல்கிறது. ந பெருகப் பெருகக் கிடைக்கும் கோவைகளில், ஒவ்வோர் இடத்திலும் மூன்றே கெழுக்கள் வாய்ப்புள்ளவை என்பதால், முடிவில்லாத பல கோவைகளுக்குப் பொதுவான முதல் கெழு, பின் இரண்டாம் கெழு என்று தொடர்ந்து பற்றிச் சென்று, ழ-ஐ மூலமாகக் கொண்ட ஒரு தொடரை அடையலாம். இவ்வளவு சிறிய வாதம் இவ்வளவு பெரிய வளையத்தை முழுவதும் நிரப்பிவிடுவது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கணினியில் எழுதும்போது ஆழமுதல் தேடலை, அதாவது ஒரு கிளையை இறுதிவரை தொடர்ந்த பின்னரே அடுத்ததற்குத் திரும்பும் தேடலை, பயன்படுத்துங்கள். பைத்தானில் தன்னையே அழைக்கும் ஒரு சிறு சார்பாக இதை எழுதிவிடலாம். ஒவ்வொரு கணுவிலும் மூன்று புதிய மீதிகளையும் மட்டின் ஏறுவரிசையில் அடுக்கி, சிறியதை முதலில் தொடருங்கள். மூலமாக உள்ள புள்ளிகளில் தேடல் விரைவில் ஆழத்தை எட்ட இது உதவும். ஆழத்துக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் |ழ|-ஆல் வகுப்பதால் முதல் அடிகளில் நேர்ந்த முழுமையாக்கல் பிழையும் அதே விகிதத்தில் வளர்கிறது. |ழ| 0.64 எனில் 60 அடிகளில் பிழை ஏறத்தாழ 4 × 10¹¹ மடங்கு பெருகும். வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் தொடக்கப் பிழை 10⁻¹⁶ அளவு என்பதால் அப்போதும் மீதி நம்பத்தக்கதே. 80 அடிகளுக்குச் சென்றால் பிழை மீதியின் அளவையே எட்டிவிடும், வரும் விடைக்குப் பொருளே இருக்காது. வரம்புடன் மிகச் சிறிய ஒரு கூடுதலைச் சேர்த்து ஒப்பிட்டால், பிழையால் ஒரு நல்ல கிளை தவறுதலாக வெட்டப்படுவதைத் தவிர்க்கலாம்.

படம் வரைய விரும்புவோர் ஒரு புள்ளியைச் சோதிப்பதோடு நிற்காமல், படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் முழுவதுமாக நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கட்டத்தின் மையத்திலிருந்து மூலைக்கு உள்ள தொலைவை த என்றும், |ழ| + த என்பதை ர என்றும் கொள்வோம். ர 1க்குக் குறைவாக இருக்க வேண்டும். கட்டத்துக்குள் எங்கு நகர்ந்தாலும் கோவையின் மதிப்பு த ÷ (1 − ர)²ஐவிட அதிகம் மாறாது. எனவே ந அடிகளுக்குப் பின் மையத்தில் கோவையின் மதிப்பு, அந்த அளவையும், ர-இன் (ந + 1)-ஆம் அடுக்கை (1 − ர)-ஆல் வகுத்த அளவையும் கூட்டியதைவிடப் பெரிதாக இருந்தால், அந்தக் கிளை கட்டம் முழுவதற்கும் பயனற்றது. இரண்டாவது அளவு முதலாவதைவிட மிகச் சிறிதாகிவிட்டபின் மேலும் ஆழம் செல்வதில் பயனில்லை; அந்தக் கட்டத்தை நான்காகப் பிளந்து மறுபடி தொடங்குவதே சரி.

இவ்வாறு கிடைக்கும் படத்தை 1985இல் மைக்கேல் பார்ன்ஸ்லியும் ஹாரிங்டனும் வேறொரு கேள்வியின் வழியாக அடைந்தனர். ஒரே சுருக்கக் காரணி கொண்ட இரண்டு எளிய உருமாற்றங்களால் உருவாகும் தன்னொப்புக் கணம் (தன் சிறிய நகல்களாலேயே ஆன கணம்) எந்தெந்தக் காரணிகளுக்கு ஒரே துண்டாக இணைந்திருக்கும் என்பது அவர்களது கேள்வி. விடை, நம் தொடர்களின் மூலங்கள் எங்கெங்கே உள்ளனவோ அங்கெல்லாம் என்பதே. இந்தப் பரப்பும் ஒரே துண்டானது என்று தியரி பூஷ் நிறுவினார். அதில் சிறு ஓட்டைகளும் இருக்கின்றன. அவை முடிவிலி எண்ணிக்கையில் உள்ளன என்பதையும், மெய் அச்சை விட்டு விலகிய இடங்களில் பரப்பின் உட்பகுதி அடர்த்தியாக இருக்கிறது என்ற, கணிதவியலாளர் பாண்ட்டின் ஊகத்தையும் டேனி காலெகாரி, சாரா காக், ஆல்டன் வாக்கர் ஆகியோர் நிறுவினர். ஓட்டைகளைத் தேடும்போதுதான் மேலே சொன்ன கட்டச் சோதனையின் அருமை விளங்கும். புள்ளிகளைத் தூவி வரைந்த படத்தில் வெற்றிடமாகத் தெரிவது உண்மையான ஓட்டையா, இன்னும் உயர்ந்த படியில் நிரம்பப்போகும் இடமா என்று பிரித்தறிய முடியாது.

கெழுக்களின் தொகுதியை மாற்றினால் முறையில் மாறுவது மிகக் கொஞ்சமே. −2 முதல் 2 வரை அனுமதித்தால் வரம்பு இரட்டிப்பாகும். ஒவ்வொரு கணுவிலும் ஐந்து கிளைகள் பிரியும். 0, 1 ஆகிய இரண்டை மட்டும் அனுமதித்தால், வரவிருக்கும் உறுப்புகள் பூச்சியத்தைச் சுற்றிச் சமச்சீராக இல்லாததால் சோதனையின் மையத்தை நகர்த்த வேண்டும். மீதியுடன் ழ ÷ 2(1 − ழ)ஐக் கூட்டி, அதன் மட்டு பழைய வரம்பில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கோவைகளை ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோவும் பியோர்ன் பூனனும் 1993இல் விரிவாக ஆராய்ந்து, மூலங்கள் பொன் விகிதத்துக்கும் அதன் தலைகீழிக்கும் இடைப்பட்ட வளையத்துக்குள் அடங்குவதைக் காட்டினர். எதிர் மெய் அச்சில் இதை நீங்களே சரிபார்க்கலாம். ஒற்றை அடுக்குகளுக்கு மட்டும் கெழு 1 கொடுத்தால், 1ஐ நீக்கும் அளவு |ழ| ÷ (1 − |ழ|²) ஆகிறது. அது 1க்குச் சமமாவது 0.618…இல்.

+1, −1 ஆகியவற்றை மட்டும் அனுமதித்தால் கிளைகள் இரண்டாகக் குறைவதோடு, எண் கணிதத்திலிருந்து ஓர் எதிர்பாராத உதவியும் கிடைக்கிறது. 2ஆல் வகுத்த மீதியாகப் பார்த்தால் இக்கோவைகள் எல்லாமே, எல்லாக் கெழுக்களும் 1 ஆன ஒரே கோவையாகிவிடுகின்றன. படி இரட்டையாக இருந்தால் அந்தக் கோவைக்கு அங்கே இரட்டை மூலம் (இருமுறை வரும் மூலம்) கிடையாது. ஆகவே இரட்டைப் படியுள்ள எந்த ±1 கோவைக்கும் இரட்டை மூலம் கிடையாது. படி 2, 4, 10, 12 ஆக இருக்கும்போது இன்னும் வலுவாகச் சொல்லலாம். அத்தகைய கோவை எதையும் விகிதமுறு கெழுக்கள் கொண்ட சிறிய கோவைகளாகக் காரணிப்படுத்தவே முடியாது, ஏனெனில் 3, 5, 11, 13 ஆகிய பகா எண்களுக்கு 2இன் அடுக்குகள் பூச்சியமல்லாத எல்லா மீதிகளையும் தருகின்றன.

−1, 0, 1 கெழுக்களுக்குத் திரும்பி, ழ இரட்டை மூலமாகுமா என்று கேட்டால், மீதியுடன் இன்னோர் எண்ணையும் சேர்த்துச் சுமந்து செல்ல வேண்டும். அந்தத் துணை எண் பூச்சியத்தில் தொடங்கும். ஒவ்வோர் அடியிலும், மீதியைப் புதுப்பிப்பதற்கு முன், துணை எண்ணிலிருந்து பழைய மீதியைக் கழித்து ழ-ஆல் வகுத்தால் புதிய துணை எண் கிடைக்கும். மீதிக்குப் பழைய வரம்பே பொருந்தும். துணை எண்ணுக்கு வரம்பு |ழ| ÷ (1 − |ழ|)². இரண்டில் ஒன்று தாண்டினாலும் கிளையை வெட்டலாம். இந்தக் கேள்விக்கு இருக்கும் முக்கியத்துவம், கூட்டல், கழித்தல் குறிகளைச் சமவாய்ப்பாகத் தேர்ந்து ஒரு மெய்யெண்ணின் அடுக்குகளைக் கூட்டும்போது கிடைக்கும் நிகழ்தகவுப் பரவல்களிலிருந்து வருகிறது. அந்த மெய்யெண் 0.618… போன்ற சில இயற்கணித எண்களாக இருக்கும்போது பரவலுக்கு அடர்த்திச் சார்பு இல்லை என்று 1939இல் பால் ஏர்டோஷ் காட்டினார். 1/2க்கும் 1க்கும் இடையில் ஏறக்குறைய எல்லா எண்களுக்கும் அடர்த்திச் சார்பு உண்டு என்று 1995இல் போரிஸ் சாலமியாக் நிறுவியபோது, இத்தொடர்கள் மெய் அச்சைத் தொட்டுச் செல்லாமல் வெட்டியே செல்லும் இடைவெளிகளை, அதாவது இரட்டை மூலம் இல்லாத இடைவெளிகளை, அறிந்திருப்பது அவருக்குத் தேவைப்பட்டது. பின்னர் 2006இல் பாப்லோ ஷ்மெர்கினும் சாலமியாக்கும் சேர்ந்து, இரட்டை மூலங்களாகும் மெய்யெண்களின் கணம், சாதாரண மூலங்களின் கணத்தைப் போல ஒரே இடைவெளியாக இல்லாமல் துண்டுபட்டுக் கிடக்கிறது என்று நிறுவினர்.